கையெழுத்து வாங்க மட்டும் கூப்பிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி கடைசி நாள் நெருங்கினால் அரிய நோய்கள் பற்றிய கட்டுரைகள் வரத் தொடங்கிவிடும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறையே வரும் அரிய நாள் என்பதாலேயே 2008 பிப்ரவரி 29ஐத் தேர்ந்தெடுத்துத் தொடங்கிய வழக்கம் அது. புதிய மரபணு, புதிய மருந்து, நம்பிக்கை தரும் ஆய்வு என்று கட்டுரைகளில் எல்லாம் இருக்கும். அந்த ஆய்வைத் திட்டமிட்ட அறையில் நோயாளி இருந்தாரா, அவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்பவர் இருந்தாரா என்ற ஒரு வரி மட்டும் இருக்காது. அரிய நரம்பியல் நோய்களில் ஆய்வு கரைசேருமா என்பது பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கடிதம்.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். ஐரோப்பிய வரையறைப்படி 10,000 பேரில் 5 பேருக்கு மேல் வராத நோய்தான் அரிய நோய். நரம்பியலில் அதைவிடப் பல மடங்கு அரிதானவையே அதிகம். சர்க்கரை நோய்க்கு 1,000 பேரை வைத்து நடக்கும் ஆய்விலிருந்து 50 பேர் பாதியில் போனாலும் கணக்கு நிற்கும். 30 பேரே கிடைக்கும் ஆய்வில் 6 பேர் போய்விட்டால், மருந்து வேலை செய்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. போகிறவர்களில் பலர் மருந்தால் போவதில்லை. மாதம் இரண்டு பயணம், பட்டினி, ஊசி, விடுப்பு கிடைக்காத வேலை, வீட்டில் இன்னொரு பிள்ளை என்று காரணங்கள் வேறு. குடும்பத்தின் வசதியைப் பார்ப்பதைக் கருணை என்று நினைக்கும் ஆய்வாளர்கள் உண்டு. எங்கள் பார்வையில் அது புள்ளியியல்.

எதை அளப்பது என்பதில்தான் முதல் சறுக்கல். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும் டூஷென் தசைச்சிதைவு நோய்க்கான மருந்துச் சோதனைகளில் நெடுங்காலம் ஆறு நிமிட நடைதான் அளவுகோல். சமதளத் தாழ்வாரத்தில் பையன் ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறான் என்று பார்ப்பார்கள். அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் இருந்தால் மீட்டர் குறையும், உற்சாகமாக இருந்தால் கூடும். நடை நின்றுபோன பிள்ளைக்கு இந்தச் சோதனையில் இடமே இல்லை. அந்தப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் எது முக்கியம் என்று கேளுங்கள். கை வாய்வரை எழும்புகிறதா, மின்சக்கர நாற்காலியின் விசைக்கோலை விரல் தள்ளுகிறதா, இரவில் யாரையும் எழுப்பாமல் புரண்டு படுக்க முடிகிறதா என்பார்கள். கைகளின் செயல்திறனை அளக்கத் தனி அளவுகோல் உருவாக்கியபோது இந்தக் குரல்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இன்னொரு பாதையும் திறந்தது. கணுக்காலில் கட்டும் சிறு கருவி, பையன் வீட்டிலும் பள்ளியிலும் தன் போக்கில் நடக்கும்போது எடுத்துவைக்கும் மிக வேகமான அடிகளை மட்டும் பிரித்துக் கணக்கிடுகிறது. ஐரோப்பிய மருந்து முகமை இதை 2019ல் துணை அளவுகோலாகவும், 2023ல் முதன்மை அளவுகோலாகவும் ஏற்றுக்கொண்டது. டூஷென் மருந்துகளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்ற வழிகாட்டி வரைவையே 2014ல் ஒரு பெற்றோர் அமைப்பு தயாரித்து அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் கொடுத்தது. பெற்றோருக்கு அறிவியல் புரியுமா என்று இன்னும் கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

கைகால், பேச்சு, மூச்சு என்று தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்க வைக்கும் ஏ.எல்.எஸ். நோயில் எங்கும் பயன்படும் மதிப்பெண் அட்டையில் 12 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 48. மாடிப்படி ஏறுவது அதில் ஒரு கேள்வி. வீட்டில் படியே இல்லாதவர் அதற்கு என்ன சொல்வார்? படுக்கையில் திரும்புவது இன்னொன்று. இரவில் நான்கு முறை எழுந்து கணவரைத் திருப்பிப்போடும் மனைவியைக் கேட்டால் ஒரு விடை வரும். பகல் 11 மணிக்குச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கணவரைக் கேட்டால் வேறு விடை வரும். இரண்டுமே பொய்யில்லை. யாரிடம் கேட்பது, ஒவ்வொரு முறையும் அதே ஆளிடம்தானா என்பதை முதல் நாளே எழுதி வைக்காவிட்டால், மூன்றாவது மாதத்தில் மகள் பதில் சொல்லியிருப்பாள், ஆறாவது மாதத்தில் மருமகன். மதிப்பெண் 2 குறைந்தது நோயாலா, ஆள் மாறியதாலா என்று அப்புறம் எவராலும் பிரிக்க முடியாது.

பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வரும் மரபணு நோயான ரெட் சிண்ட்ரோமுக்கு 2023 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ட்ரோஃபினடைடு என்ற திரவ மருந்தின் முக்கியச் சோதனையில், இரண்டு முதன்மை அளவுகோல்களில் ஒன்று பராமரிப்பவர் நிரப்பும் 45 கேள்விப் படிவம். பேச முடியாத பெண் குழந்தையின் மாற்றத்தை அம்மாவின் கண்தான் முதலில் பிடிக்கிறது என்பதை ஒழுங்குமுறை அமைப்பே ஒப்புக்கொண்டது போலத்தான் இது. அதே சோதனையில் மருந்து எடுத்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. மருத்துவக் கட்டுரையில் அது அட்டவணையில் ஒரு வரி. வீட்டில் அது இரவில் மூன்று டயபர், புண்ணான தோல், பள்ளியிலிருந்து வரும் போன். ரெட் குழந்தைகளில் பலர் ஏற்கெனவே மலச்சிக்கலுக்குப் பேதி மருந்து எடுப்பவர்கள். ட்ரோஃபினடைடு தொடங்கும் முன் அதை நிறுத்தச் சொல்லும் அறிவுரை இன்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. திட்டமிடும் மேசையில் ஒரு தாய் இருந்தால், முதல் கூட்டத்தில் வரும் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

வலிப்பு நாட்குறிப்பு தனிக் கதை. டிராவே போன்ற கடும் வலிப்பு நோய்களில் 28 நாளில் எத்தனை வலிப்பு என்ற எண்தான் மருந்தின் தலைவிதி. அந்த எண்ணைத் தருவது தூக்கம் கெட்ட ஒரு பெற்றோர். பத்து நிமிடத்தில் அடுத்தடுத்து வரும் எட்டு வெட்டுகளை ஒரு குடும்பம் ஒன்று என்று எழுதும், இன்னொரு குடும்பம் எட்டு என்று எழுதும். அதிகாலையில் வந்த வலிப்பு கண்ணில் படாது. இரண்டு வாரம் எழுதாமல் விட்டு, மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மொத்தமாக நிரப்புவதும் நடக்கும். குற்றம் குடும்பத்தின் மேல் இல்லை. படிவத்தில் ‘மயோக்ளோனிக்’, ‘அடோனிக்’ என்று அச்சடித்துக் கொடுத்தால் அதை எப்படி நிரப்புவார்கள்? செய்ய வேண்டியது எளிது. கணக்கெடுப்பு தொடங்கும் முன், வீட்டில் செல்போனில் எடுத்த வீடியோக்களை நரம்பியல் மருத்துவரும் பெற்றோரும் சேர்ந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் அந்த வீட்டில் என்ன பெயர் வழங்குகிறதோ, ‘தலை தொங்கறது’, ‘திடுக்’, ‘பெரிய இழுப்பு’, அதையே நாட்குறிப்பில் அச்சடித்துவிட வேண்டும். தொடர்ச்சியாக வந்தால் எப்படி எண்ணுவது என்பதற்கு ஒரே விதி. அப்பா எழுதும் நாளுக்கும் அம்மா எழுதும் நாளுக்கும் தனிக் குறி. இதற்கு ஆகும் நேரம் ஒரு குடும்பத்துக்கு முக்கால் மணிதான்.

ஆய்வு நாளின் கால அட்டவணையைக் குடும்பங்கள் பார்க்காமல் இறுதி செய்யவே கூடாது. சில எடுத்துக்காட்டுகள். மயக்கம் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுக்கப் பொதுவாக 6 மணி நேரம் திட உணவு கூடாது, 2 மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது. காலை 8 மணிக்கு ஸ்கேன் என்று போட்டு, இயந்திரம் ஒழியாமல் 12 மணிக்கு எடுத்தால், பிள்ளையின் காலை வலிப்பு மாத்திரை தள்ளிப்போகிறது. அன்று வரும் வலிப்பை மருந்தின் பக்கவிளைவுக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். வலிப்பைக் கட்டுப்படுத்த, மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய கீட்டோஜெனிக் உணவில் இருக்கும் குழந்தைக்கு வழக்கப்படி குளுக்கோஸ் கலந்த ட்ரிப் ஏற்றினால், வாரக்கணக்கில் காத்துவந்த கீட்டோன் நிலை ஒரே மணி நேரத்தில் உடைகிறது. இனிப்பு சிரப்பில் கொடுக்கும் பாராசிட்டமாலும் அதைக் குலைக்கும். இதை டாக்டருக்கு முன்பு அம்மா சொல்லிவிடுவார், கேட்டால். ஏ.எல்.எஸ். நோயாளிகளில் மூச்சுத் தசை தளர்ந்தவர்களால் மல்லாந்து படுக்கவே முடியாது. 40 நிமிட ஸ்கேன் திட்டம் அவர்களைச் சத்தமில்லாமல் வெளியேற்றிவிடும். கூன் அறுவையில் முதுகில் கம்பி பொருத்திய எஸ்.எம்.ஏ. (தண்டுவடத் தசைநலிவு) நோயாளிக்கு முதுகுத் தண்டில் ஊசி போடுவது சாதாரண வேலை இல்லை. தண்டுவட நீர் எடுத்தபின் வரும் தலைவலியைக் குறைக்கக் கூர்மை மழுங்கிய தனி ஊசி இருக்கிறது. ‘எந்த ஊசி பயன்படுத்துவீர்கள்?’ என்று ஒப்புதல் படிவத்தைப் படித்த நோயாளிக் குழு கேட்டால், அதற்குப் பதில் இருக்க வேண்டும்.

இரத்தத்திலும் அப்படித்தான். குழந்தைகளிடம் ஒரே நேரத்தில் உடலின் மொத்த இரத்தத்தில் 1 சதவீதத்துக்கு மேலும், நான்கு வாரத்தில் 3 சதவீதத்துக்கு மேலும் எடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய வழிகாட்டி சொல்கிறது. 10 கிலோ குழந்தையின் இரத்தம் சுமார் 800 மில்லி. அதாவது ஒரு தடவைக்கு 8 மில்லி. ஆய்வுக்கூடம் கேட்கும் நான்கு குழாய்களைச் சேர்த்துப் பார்த்தால் இந்த வரம்பு எளிதில் தாண்டிவிடும், வழக்கமான சிகிச்சைக்கு எடுக்கும் இரத்தம் போக. ‘அடுத்த வாரம் எங்கள் டாக்டரும் எடுப்பாரே, அது கணக்கில் உண்டா?’ என்று கேட்பது எப்போதும் பெற்றோர்தான்.

சரி, எப்படிச் சேர்ப்பது? பன்னிரண்டு பேராசிரியர்களுக்கு நடுவே ஒரு நோயாளியை உட்கார வைத்தால் அவர் வாய் திறக்க மாட்டார். போட்டோவுக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான். குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஆறு முதல் பத்துப் பேர் கொண்ட தனி ஆலோசனைக் குழு இருந்தால் நல்லது. காகிதங்களைப் பத்து நாள் முன்பே, இரண்டு பக்கச் சுருக்கமாக அனுப்ப வேண்டும். கூட்டம் ஒரு மணி நேரம், நடுவில் இடைவெளி. கண் அசைவால் தட்டச்சு செய்து பேசுபவருக்கு நிமிடத்துக்குப் பத்துச் சொல் வந்தாலே பெரிது. ‘யாருக்காவது கருத்து உண்டா?’ என்று கேட்டு மூன்று விநாடியில் அடுத்த பொருளுக்குப் போனால் அவரைக் கூப்பிட்டதே வீண். கேள்விகளை முன்கூட்டியே கொடுத்தால் பதிலை எழுதி வைத்துக்கொண்டு வருவார். பயணச் செலவு மட்டும் போதாது. அவர் வரும் நேரத்துக்கு ஊதியம், அந்த மூன்று மணி நேரம் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வரும் ஆளுக்கான செலவு, இரண்டும் ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும்போதே தனித் தலைப்பில் இருக்க வேண்டும். நிதி வந்தபின் ‘பார்க்கலாம்’ என்றால் ஒருபோதும் நடக்காது.

இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை. இவை முற்றிக்கொண்டே போகும் நோய்கள். ஐந்தாண்டு ஆய்வில் குழு உறுப்பினர் ஒருவருக்குப் பேச்சு போகலாம், ஒருவர் இறந்துபோகலாம். ஒவ்வொருவருக்கும் மாற்று ஆளை முதலிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயை மறுநாளே மின்னஞ்சல் பட்டியலிலிருந்து எடுப்பதும், எதுவும் நடக்காததுபோல அடுத்த கூட்ட அழைப்பை அனுப்புவதும் இரண்டுமே கொடுமை. குழுவில் தொடர விருப்பமா என்று ஒருவர் போனில், நிதானமாகக் கேட்க வேண்டும். தொடர்கிறேன் என்பவர்கள் உண்டு.

எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதையே சேர்ந்து முடிவு செய்யும் முறையும் புதிதல்ல. பிரிட்டனில் 2004ல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு இதைச் செய்கிறது. நோயாளிகள், பராமரிப்பவர்கள், மருத்துவர்களிடமிருந்து கேள்விகளைத் திரட்டுவார்கள். ஏற்கெனவே விடை கிடைத்தவற்றைக் கழிப்பார்கள். மிச்சத்தைத் தரவரிசைப்படுத்தி, கடைசியில் நேரில் உட்கார்ந்து முதல் பத்தைத் தேர்வு செய்வார்கள். மருந்து நிறுவனங்களுக்கு அங்கே ஓட்டு கிடையாது. வருகிற கேள்விகளில் மரபணுவைவிடக் களைப்பும் தூக்கமும் விழுங்குவதும் வலியும் முன்னால் நின்றால் ஆய்வாளர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். இருக்கட்டும்.

நோயாளியும் பராமரிப்பவரும் ஒரே குரல் என்று எண்ணுவது பெரிய பிழை. மூளையை மெல்லச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹன்டிங்டன் நோயில் தன் கைகால்கள் தன்னையறியாமல் அசைவதே பலருக்குத் தெரியாது. மனைவி சொல்லித்தான் தெரியும். அங்கே பராமரிப்பவர் இல்லாத கணக்கு அரைக் கணக்கு. மறுபக்கமும் உண்டு. கண்ணைத் தவிர எதையும் அசைக்க முடியாத நிலையில் நெடுநாளாக இருப்பவர்களிடம் கேட்ட ஓர் ஆய்வு 2011ல் வெளியானது. தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பதில் சொன்ன 65 பேரில் 47 பேர் மகிழ்ச்சியாக இருப்பதாகவே சொன்னார்கள். பக்கத்தில் நின்று பார்ப்பவர்களில் எத்தனை பேர் அப்படி ஊகித்திருப்பார்கள்? ஆகவே இருவரையும் தனித்தனியாகவும் கேளுங்கள். கணவர் முன்னால் ‘எனக்கு முடியவில்லை’ என்று எந்த மனைவியும் சொல்ல மாட்டார்.

இதற்கெல்லாம் எல்லையும் உண்டு. 2008ல், ஏ.எல்.எஸ்.ஸை லித்தியம் மட்டுப்படுத்துவதாக இத்தாலியில் 44 பேரை வைத்து நடந்த சிறு ஆய்வு சொன்னது. நோயாளிகள் காத்திருக்கவில்லை. தங்கள் மருத்துவர் மூலம் மருந்தை வாங்கிச் சாப்பிட்டு, நோயாளிகள் தங்கள் நிலையைப் பகிர்ந்துகொள்ளும் பேஷன்ட்ஸ் லைக் மீ இணையதளத்தில் தங்கள் மதிப்பெண்ணைப் பதிந்தார்கள். மருந்து எடுத்த 149 பேரை, அவர்களைப் போன்றே நோய் நகர்ந்த மற்றவர்களோடு ஒப்பிட்ட முடிவு 2011ல் வந்தது: பயன் இல்லை. முறையான சோதனைகளும் அதையே சொன்னன. நோயாளிகளே எழுதிய தரவு எவ்வளவு உதவும் என்பதற்கு இது சாட்சி. நம்பிக்கை எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கும் இதுவே சாட்சி. புள்ளியியல் முறையை ஓட்டெடுப்பில் முடிவு செய்ய முடியாது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மருந்தைத் தரும் டம்மி மருந்துக் குழுவே வேண்டாம் என்று குடும்பங்கள் கேட்கும்போது, ஏன் வேண்டும் என்று உட்கார்ந்து விளக்க வேண்டும், அல்லது குறைந்த பேருக்கு, குறைந்த காலத்துக்கு என்று வடிவமைக்க வேண்டும். நோயாளி அமைப்புகளில் சில மருந்து நிறுவனங்களிடம் நிதி பெறுகின்றன. அதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். கூட்டத்துக்கு வர முடிந்தவர்கள் படித்தவர்கள், நகரத்தவர்கள், கொஞ்சம் தெம்பு மிச்சமிருப்பவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

மாதிரிகளும் தரவும் பற்றி ஒரு சொல். பெயரை எடுத்துவிட்டோம், அடையாளம் தெரியாது என்று படிவத்தில் எழுதுகிறார்கள். ஒரு நாட்டிலேயே இருபது பேருக்கு மட்டும் இருக்கும் நோயில், வயதும் மாவட்டமும் மரபணு மாற்றமும் போட்டால் உறவினர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். வயதை ஐந்தாண்டு இடைவெளியில் தருவது, ஊரை விட்டுவிடுவது போன்ற முடிவுகளைக் குடும்பங்களோடு சேர்ந்து எடுக்க வேண்டும். கடன்பாடும் இருக்கிறது. ஹன்டிங்டன் நோயின் மரபணு நான்காம் குரோமோசோமில் இருப்பது 1983ல் பிடிபட்டதும், அந்த மரபணுவே 1993ல் கிடைத்ததும் பெரும்பாலும் வெனிசுவேலாவின் மராக்காய்போ ஏரிக்கரைக் குடும்பங்கள் கொடுத்த இரத்தத்தால். அந்தத் தேடலில் முன்னின்ற நான்சி வெக்ஸ்லர், தாயை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். உலகுக்கு மரபணு கிடைத்தது. அந்தக் கரைக்கு என்ன திரும்பியது என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை.

முடிவைத் திருப்பிச் சொல்வதில்தான் மிகப் பெரிய அலட்சியம். பிள்ளை எடுத்தது மருந்தா டம்மியா என்று ஆய்வு முடிந்து ஆண்டுகள் கழித்தும் தெரியாத பெற்றோர் உண்டு. சோதனை நடுவில் நின்றால், பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் முதலீட்டாளர்களுக்கு உடனே அறிவிக்க வேண்டியிருக்கிறது. குடும்பம் அதைச் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. அதே மணி நேரத்தில் குடும்பங்களுக்கும் தகவல் போகும், யார் போன் செய்வார், அடுத்த ஊசி தேதி என்ன ஆகும் என்பதெல்லாம் தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மருத்துவ ஆய்வுக்கான ஹெல்சிங்கி பிரகடனமே 2024 திருத்தத்தில் ஆய்வுக்கு ஆளாகிறவர்களைப் ‘பங்கேற்பாளர்கள்’ என்று மாற்றி அழைத்து, அவர்களையும் அவர்கள் சமூகத்தையும் ஆய்வுக்கு முன்பும், நடக்கும்போதும், பின்பும் ஈடுபடுத்தச் சொல்கிறது. நோயாளிகள் எந்தக் கட்டத்தில், எப்படிச் சேர்ந்தார்கள், அதனால் என்ன மாறியது என்று ஆய்வுக் கட்டுரையில் எழுத 2017லேயே ‘கிரிப் 2’ என்ற சரிபார்ப்புப் பட்டியல் வந்துவிட்டது. அதன் சுருக்க வடிவில் ஐந்தே அம்சங்கள்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு புதிய நரம்பியல் மருந்தையோ ஆய்வையோ பற்றி எழுதும்போது, உங்கள் செய்தியாளர் ஆய்வாளரிடம் இரண்டே கேள்வி கேட்கட்டும்: நோயாளிகளும் பராமரிப்பவர்களும் எந்த மாதத்தில் உள்ளே வந்தார்கள்? அவர்கள் சொன்னதால் திட்டத்தில் எந்த வரி மாறியது? கிடைக்கும் பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
அரிய நரம்பியல் நோய் ஆய்வுகளை ஒருங்கிணைக்கும் பணியில் உள்ள சிலர்